இரும்பைக் கறப்பவள்

"சீக்காளி எங்கயாவது கல்லு தூக்குவாளா?" என்று கன்செப்டா கேட்கிறாள். ரொட்டி வாங்கும் வரிசையில் கேட்கிறாள், பூசை முடிந்து கோயில் வாசலில் கேட்கிறாள், முடிதிருத்தும் கடையில் தலையை ஈரத்தோடு சாய்த்துக்கொண்டும் கேட்கிறாள். தூக்குவாள் அம்மா, தூக்குவாள். தூக்கிக்கொண்டுதான் இருக்கிறாள். டிம்ப்னா கெராட்டிக்கு நோய் இருப்பதும் பொய் இல்லை, அவள் கல் தூக்குவதும் வேஷம் இல்லை. பார்க்கச் செக்கச்செவேல் என்றிருக்கிற ஆப்பிளுக்குள் புழு இருப்பதில்லையா? அதைச் சொல்லத்தான் அவள் தூக்குகிறாள். அது புரியாதவர்கள் ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

விவசாயிகள் கூட்டுறவுக் கடையில் முப்பது வருஷமாக நிற்கிறவள் அவள். வயது ஐம்பத்து நான்கு. ஆட்டுத் தீவன மூட்டை ஒன்று இருபத்தைந்து கிலோ. தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என இரண்டையும் ஒரே நடையில் கொண்டுபோய் வண்டியில் வைத்துவிட்டு, மூச்சு வாங்காமல், "உருளைக்கிழங்கு எப்படிப் போட்டுருக்கு?" என்று விசாரிப்பாள். எதைத் தூக்கினாலும் அதன் எடையைச் சொல்லிவிட வேண்டும் அவளுக்கு. ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவரும் குழந்தையைப் பெற்றவள் சாமியாரிடம் கொடுப்பதற்கு முன் டிம்ப்னாவிடம் நீட்டுவாள். "நாலு கிலோ இருநூறு. சாக்ஸைக் கழட்டினா நூத்தியெண்பது." தராசு அவளிடம் தோற்றுப்போகும். ஒருநாள் கன்செப்டாவின் கைப்பை கீழே விழ, இவள் எடுத்துக் கொடுத்தாள். "மூணேகால் கிலோ! உள்ள என்னத்தைடி வச்சிருக்க, அடுத்தவங்க குடும்பத்தையா?" கன்செப்டாவின் கோபத்துக்கு அது ஒரு காரணம். அதை மட்டும் கன்செப்டா யாரிடமும் சொல்லமாட்டாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடையின் கல்லாவுக்கு மேலே ஓர் அட்டை தொங்கும்: 'கறக்கப் போயிருக்கிறேன். இரண்டு மணிக்கு வருவேன்.' மாடு ஏதும் அவளிடம் கிடையாது. நகரத்து ஆஸ்பத்திரியில் சாய்வு நாற்காலியில் படுத்து, ஒரு பை ரத்தம் கொடுத்துவிட்டு வருவாள். அவள் ரத்தத்தில் இரும்பு சேர்ந்துகொண்டே போகிறது. சாப்பிடுகிற சோற்றிலிருந்து மற்றவர்கள் உடம்பு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். இவள் உடம்புக்கு விடத் தெரியாது. எடுத்து எடுத்து ஈரலிலும் மூட்டிலும் இதயத்திலும் பூட்டி வைக்கும். மருந்து ஒன்றும் கிடையாது, ரத்தத்தை இறக்க வேண்டும், அவ்வளவுதான். பெற்றோர் இருவரிடமிருந்தும் வாங்கி வருகிற சொத்து இது. டாக்டர் வாயில் அதன் பெயர் முழ நீளம். டிம்ப்னாவுக்கு அது வெறும் 'இரும்பு'. "எங்க குடும்பத்துல நிலம் கம்மி, இரும்பு ஜாஸ்தி" என்பாள்.

அவள் சமையலறையைப் பார்த்தால் சிரிப்பு வரும். காலையுணவுப் பெட்டியில் 'இரும்புச் சத்து சேர்த்தது' என்று எழுதியிருந்தால், பாம்பைத் தொட்டவள் மாதிரி கையை எடுத்துவிடுவாள். ஈரல் வாசலைத் தாண்டி உள்ளே வராது. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உடம்பில் இரும்பு ஏறுவது குறையும் என்று டாக்டர் சொன்ன அன்று, நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாளாம். "டாக்டர், இந்தத் தீவுல பொறந்ததுக்கு எனக்குக் கிடைச்ச முதல் நல்ல சேதி இதுதான்." ஒரு நாளைக்கு ஒன்பது கோப்பை. கணக்கை யாரும் கேட்கக் கூடாது.

இனி அவள் அப்பாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அது இல்லாமல் கல் இல்லை.

பார்ட்லி கெராட்டி ஒரு சொட்டு தொட்டவர் இல்லை. பதினாறு வயதில் கோயிலில் சபதம் செய்து, மது தொடாதவர்கள் கோட்டின் மார்பில் குத்திக்கொள்ளும் திரு இருதயப் பின்னை வாங்கியவர். விரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும், சிவப்பு இருதயம் வைத்தது. மாட்டுச் சந்தைக்குப் போனாலும் அது மார்பில் இருக்கும். கல்யாண வீட்டில் எல்லோரும் கறுப்பு பியர் குடிக்க, அவர் ஆரஞ்சுச் சாறோடு உட்கார்ந்து எல்லோரையும் விடப் பலமாகப் பாடுவார்.

நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு ஓர் அசதி வந்தது. பனிக்காலத்தில் வேலியடி வரை போய்த் திரும்புவதற்குள் உட்கார்ந்துவிடுவார். ரத்தம் போதவில்லை என்றாள் மனைவி. நம் பங்கில் யார் சோர்ந்து உட்கார்ந்தாலும் எல்லோரும் சொல்கிறதுதான் அது. ஒருத்தி இரும்பு டானிக் கொண்டுவந்தாள். ஒருத்தி வாரம் தவறாமல் ஆட்டு ஈரல் கொடுத்தனுப்பினாள். பன்றி ரத்தமும் ஓட்ஸும் கலந்து குடலில் அடைத்துச் செய்யும் கறுப்புப் புட்டிங்கை அம்மா காலையும் மாலையும் வறுத்து வைத்தாள். பிள்ளைகளுக்குக்கூட மிச்சம் வைக்கமாட்டாள். பாவம், முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டார் மனிதர். முகம் பொன்னிறமாக மாறியது. "நெறம் வந்துருச்சு பாரு, டானிக் வேலை செய்யுது" என்று ஊரே மகிழ்ந்தது. மழை விடாத நம் மேயோ மாவட்டத்தில், பிப்ரவரி மாதத்தில், வெயிலே படாமல் ஒருவன் கறுக்கிறானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நெருப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டு வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று நின்றோம். இதில் கன்செப்டாவின் அம்மா கொடுத்த டானிக்கும் உண்டு, மற்றவர்கள் கொடுத்ததும் உண்டு. யார் கையும் சுத்தமில்லை.

ஐம்பத்து மூன்றாம் வயதில் ஈரல் சுருங்கிச் செத்தார். ஈரல் சுருங்கினால் காரணம் ஒன்றுதான் என்று அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள், ஆஸ்பத்திரியில் உள்ளவர்கள் உட்பட. திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறார்! மகன் மலாக்கிக்கு அப்போது பத்தொன்பது வயது. வைக்கோல் கொட்டகையை இரண்டு நாள் கலைத்துப் போட்டு பாட்டில் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் போய் நின்று, மற்ற நோயாளிகள் காது கேட்க, "எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? சாகும்போதாவது உண்மையைச் சொல்லுங்க" என்று கத்தினான். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

பெட்டியில் கிடத்தியபோது கோட்டில் பின் இல்லை. வரிசையில் வந்து கை கொடுத்து "உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம்" என்று சொன்ன நானூறு பேரும் அந்த வெறும் மார்பைப் பார்த்தார்கள். பொண்டாட்டியே எடுத்துவிட்டாளே, பிறகென்ன என்றது ஊர். அம்மாதான் எடுத்திருப்பாள் என்று டிம்ப்னாவும் நம்பினாள். கேட்கவில்லை. கேட்பதற்குள் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

பெண்ணுக்கு மாதாமாதம் ரத்தம் போகிறவரை இந்த நோய் பதுங்கியிருக்கும். அது நின்ற பிறகு டிம்ப்னாவுக்குக் கை விரல்களின் முட்டியில் வலி தொடங்கியது, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மட்டும். அவளும் இரும்பு மாத்திரைதான் கேட்கப் போனாள். புதிதாக வந்த இளம் டாக்டரம்மா எழுதிக்கொண்டே, "அப்பா எதுல செத்தார்?" என்று கேட்டாள்.

"ஈரல்ல." டிம்ப்னா பழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டாள்.

"குடிப்பாரா?"

"குடிக்க மாட்டேன்னு சபதம் எடுத்தவர்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பேனா மேஜையில் பட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்பாள் டிம்ப்னா.

சோதனை முடிவு வந்ததும் முதல் காரியமாகத் தம்பி வீட்டுக்குப் போனாள். வயலுக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறான், கல்யாணம் இல்லை, செம்மறி ஆடுகள்தான் குடும்பம். கூடப் பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு இது இருக்கலாம், சோதித்துக்கொள்ளவும் என்று டாக்டரம்மா எழுதிய கடிதத்தை நீட்டினாள். மலாக்கி அதைப் பிரிக்காமல் மாதா சுரூபத்துக்குப் பின்னால் செருகினான். "எனக்கு ஒண்ணுமில்ல. நீ போயி உன் ஒடம்பைப் பாரு."

அவன் முகம் ஈஸ்டருக்கு முன்பே வெயில் பட்டது போலிருந்தது. கோயிலில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரத்தில் அவன் இடது கையைத்தான் நீட்டுகிறான். அப்பாவும் கடைசிக் காலத்தில் இடது கையைத்தான் நீட்டினார். மலாக்கிக்கு ஐம்பத்தொன்று. அப்பா வயதைத் தொட இரண்டு வருஷம். மலாக்கி பயப்படுவது ஊசிக்கு என்று சொல்கிறவர்களுக்கு அவனைத் தெரியாது. தன் ரத்தத்தில் அந்த இரும்பு இருந்தால், அப்பா குடிக்கவில்லை. அப்பா குடிக்கவில்லை என்றால், அந்தக் கட்டிலருகே நின்று கத்தினானே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த எடையை டிம்ப்னா கையில் வாங்காமலே சொல்லிவிடுவாள்.

சொன்னால் கேட்கமாட்டான், ஊரும் கேட்காது. சரி, பார்க்கட்டும் என்று முடிவு செய்தாள். ஆகஸ்டில் நம் கால்நடைக் காட்சியில் பெண்களுக்குப் பலப் போட்டி உண்டு. ஐம்பத்தாறு ராத்தல் இரும்புப் படிக்கற்கள் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பிறகு கல்லறைச் சுவரோரம் கிடக்கும் பழைய கல்லை, எண்பத்தாறு கிலோ, பீப்பாய் மேல் ஏற்ற வேண்டும். போன வருஷம் பெயர் கொடுத்தாள். தன் வயதில் பாதி வயதுப் பெண்கள் ஐந்து பேருக்கு நடுவில் போய் நின்றாள். படிக்கற்களோடு நடப்பதில் இரண்டாவதாக வந்தாள். கல்லை மடிவரை கொண்டுவந்தாள், அதற்குமேல் வரவில்லை. மொத்தத்தில் நான்காம் இடம். ஆனால் குனிந்தபோது சட்டையின் முதுகை ஊரே வாசித்தது: 'என் அப்பா குடிக்கவில்லை. இரும்பு. உங்கள் ரத்தத்தைச் சோதியுங்கள்.'

படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்களே என்று கன்செப்டா உரக்கவே வாசித்தாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆட்டுப் பட்டியருகே நின்ற மலாக்கி காதில் அது விழுந்தது. அவனுடைய ஆட்டுக்கு இரண்டாம் பரிசு அறிவித்துக்கொண்டிருந்தார்கள். வாங்காமலே ஆட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து பேச்சில்லை. தீவனம் வாங்க பதினான்கு மைல் தள்ளி அடுத்த ஊர்க் கடைக்குப் போகிறான். "தம்பி தீவனத்தைவிட டீசலுக்கு அதிகம் குடுக்கிறான்" என்று தபால்காரர் ஜார்லத் சொன்னால், டிம்ப்னா தேநீரைக் கலக்கிக்கொண்டே, "அங்க மூட்டையை அவனேதான் தூக்கணும். விரல் என்ன பாடு படுதோ" என்பாள்.

குடும்ப மானத்தைச் சந்தையில் விரித்தவள் என்று அவளைப் பேசுகிறவர்கள் இதையும் பேசட்டும்: அந்தச் சட்டையைப் படித்துவிட்டு இந்தப் பங்கில் பத்தொன்பது பேர் சோதனைக்குப் போனார்கள். நான்கு பேருக்கு இரும்பு. அந்த நால்வரில் ஒருவன் கன்செப்டாவின் புருஷன் ஃபின்டன். "அவ பேசறதை இன்னும் இருபது வருசம் கேட்கணும்னு எனக்கு எழுதியிருக்கு. எல்லாம் உன்னாலதான்" என்று டிம்ப்னாவிடம் அவனே வந்து புலம்பினான். இருவரும் சேர்ந்தே கறக்கப் போகிறார்கள், ஒரே காரில்.

தவக்காலத்தில் ஒரு சாவு விழுந்தது. வரிசையில் டிம்ப்னாவுக்கு இரண்டு ஆள் முன்னால் மலாக்கி. இறந்தவரின் மகன் கல்லுடைக்கிறவன், துக்கத்தில் தன் பலம் தெரியாமல் மலாக்கியின் வலது கையைப் பிடித்து அழுத்தினான். மலாக்கியின் முகம் சாம்பலாகிப்போனது. கையை விடுவித்துக்கொண்டு திரும்பியபோது அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லறை வாசலில் அவனை மடக்கினாள்.

"அப்பாவும் அப்படித்தான் கையை இழுத்துக்கிட்டார்."

"வாயை மூடு, டிம்ப்னா."

ஏழு மாதத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை. அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது. பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஜார்லத்திடம் சொல்லியனுப்பினாள்: "இந்த வருசம் அந்தக் கல்லைப் பீப்பாய் மேல வைக்கிறேன். வச்சா அவன் கையை நீட்டணும், ஊசிக்கு. வைக்கலன்னா இனிமே அந்தப் பேச்சே எடுக்கமாட்டேன்."

ஜார்லத் இரண்டு நாள் கழித்துப் பதில் கொண்டுவந்தார். "ஆட்டுக்குக் குளம்பு வெட்டிக்கிட்டே கேட்டான். 'சரின்னு சொல்லு. அவ வைக்கவே மாட்டா'ன்னான்."

"சரின்னானா?"

"சரின்னான்."

"மத்ததை நீங்க சொல்லியிருக்கவே வேண்டாம்."

அதன் பிறகு அவளைப் பார்த்திருக்க வேண்டும். கடை அடைத்தபின் கிடங்கில் தீவன மூட்டையைக் கட்டித்தழுவிப் பீப்பாய் மேல் வைப்பாள், இறக்குவாள், வைப்பாள். இரண்டு மூட்டையை ஒன்றாகக் கட்டினாள். பிறகு மூன்று. ஜூலையில் எழுபத்தைந்து ஏறியது. எண்பது ஒரே ஒருநாள் ஏறியது. எண்பத்தாறு ஏறவே இல்லை. தோல் உரிந்த முன்கையில் ஆட்டுக்குப் போடும் களிம்பைத் தடவிக்கொண்டு வந்து கல்லாவில் நிற்பாள்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது கறக்கும் தேதி வந்து நின்றது. ஒரு பை ரத்தம் போனால் பலம் மீள நாளாகும். தள்ளிப் போட்டுக்கொள்ளலாமே என்று நர்ஸே சொன்னாள். "முதுகுல ஒண்ணு எழுதிக்கிட்டு, முன்னால ஒண்ணு செய்யறதா?" என்று கையை நீட்டிவிட்டாள் டிம்ப்னா. ஒரு பை குறைந்த உடம்போடு, ஒருமுறையும் ஏறாத கல்லை, தம்பியின் உயிருக்காகத் தூக்கப் போகிறாள் என்று ஊருக்கே தெரியும். நாடகம் ஆடுகிறாள் என்று கன்செப்டா அப்போதும் சொன்னாள். ஃபின்டன் அன்றைக்குத்தான் கல்யாணமான முப்பது வருஷத்தில் முதல்முறையாக, "போதும்டி" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை, காட்சி நாள். காலைப் பூசைக்குப் போய்வந்து, இரண்டு முட்டையும் மூன்று கோப்பைத் தேநீரும் முடித்து, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். ஜார்லத் காரோடு வருவதாகச் சொல்லியிருந்தார். பையைத் தோளில் மாட்டிக் கதவைத் திறந்தாள்.

படியில் மலாக்கி நின்றுகொண்டிருந்தான். தட்டலாமா என்று எவ்வளவு நேரம் நின்றானோ, தோளெல்லாம் தூறல். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தான். முழங்கையின் உள்மடிப்பில் பஞ்சும் ஒட்டுப்பட்டையும்.

"வெள்ளிக்கிழமை போனேன். பதில் வர மூணு வாரம் ஆகுமாம்."

"கல்லை வச்சாத்தானே பேச்சு?"

"நீ வைக்கமாட்டே. அதான் முன்னாடியே போயிட்டேன்."

அவள் சிரிக்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் வலது கையை விரித்தான். உள்ளங்கையில், நிறம் மங்கி, ஓரம் துருவேறி, அப்பாவின் பின்.

"அம்மா எடுக்கல, டிம்ப்னா. நான்தான். பெட்டியில வைக்கறதுக்கு முன்னாடி... பொய்யைக் குத்திக்கிட்டுப் போகவேணாம்னு." துருவைக் கட்டைவிரலால் தேய்த்தான். "தூக்கிப்போடத்தான் எடுத்தேன். போட முடியல."

செத்துப்போன அம்மாவின் மேல் முப்பத்திரண்டு வருஷம் வைத்திருந்த பழியை எங்கே இறக்குவது என்று டிம்ப்னாவுக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்திருக்காது. மலாக்கி பின்னை அவள் சட்டையில் குத்தப் போனான். ஊசி துணியில் ஏறிவிட்டது. கொக்கியில் மாட்ட இரண்டு விரலைச் சேர்த்து அழுத்த வேண்டும், அந்த இரண்டு விரலும் மடங்கவில்லை. நழுவியது. மறுபடி பிடித்தான், மறுபடி நழுவியது. வாசலில் கார் வந்து நின்று ஜார்லத் ஹாரன் அடித்தார்.

ஒரு நொடியில் அவளே மாட்டிக்கொண்டிருக்கலாம். டிம்ப்னா பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சைச் சற்று முன்னால் கொடுத்து, அசையாமல் நின்றாள். ஹாரன் இரண்டாம் முறை அடித்தது, மூன்றாம் முறையும் அடித்தது. கடைசியில் கொக்கி 'டிக்' என்று விழுந்த பிறகுதான் கையை அவிழ்த்தாள். பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள்.